காதால் கேட்டவரைக் கண்ணாரக் காண: ஆண்டவரைத் தனியே சந்திக்க ஏங்குகிறவர்களுக்கு

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளை ஆண்டவரைப் பற்றிக் கேள்விப்படாமல் வளர வழியே இல்லை. விடியுமுன் கோயில் மணி அடித்துவிடும். ஞாயிறு காலையில் ஓய்வுநாள் பள்ளி, மனப்பாட வசனம், வயது வந்ததும் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தல், வருஷம் தவறாமல் அசனம் என்கிற சபை விருந்து. 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூரை உண்டாக்கிய சீமை இது. நான்கு தலைமுறை, ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற வீடுகள் இங்கே ஏராளம். இவ்வளவு இருந்தும் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போது மனசு கேட்கும்: இவரை எனக்குத் தெரியுமா, அல்லது இவரைப் பற்றித்தான் தெரியுமா?

வேதாகமத்தில் வருகிற யோபு இதே இடத்தில் நின்றவர். "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று அவர் சொன்னது புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில்தான். அதற்கு முன்னால் நாற்பத்தொரு அதிகாரம் போயிருக்கிறது.

கோயிலுக்குள்ளேயே வளர்ந்து இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறவர்களுக்காகவும், வேறு வீட்டிலிருந்து புதிதாக வந்து "எங்கே ஆரம்பிக்க?" என்று கேட்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் குருவானவர் இல்லை. பல வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே இந்தச் சந்திப்பு வாய்த்தது.

முதலில், எதைத் தேடுகிறீர்கள் என்று பாருங்கள்

பதினெட்டு வயதில் ஒரு இரவுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையிலிருந்து ஜெபிக்க ஜெபிக்க என்னைச் சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள், சிலர் விழுந்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற சிநேகிதன் என்னைப் பார்த்துவிடுவானோ என்று நானும் அழுவதுபோல் முகத்தை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உண்மையாகவே அழுதேன், வெட்கத்தில். அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் தனியாக ஜெபிக்கவே கூச்சமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் அழுதவர்களைக் குறை சொல்லவில்லை. கண்ணீர் நம் சபைகளுக்குப் புதிதும் இல்லை. 1860-இல் நம் ஊழியர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் காலத்தில் திருநெல்வேலிக் கிராமங்களில் எழுந்த எழுப்புதலில் ஜனங்கள் பாவத்தை நினைத்துக் கதறி அழுதார்கள். வெள்ளைக்கார மிஷனெரிகள் நடத்தியது அல்ல அது. நம் ஆட்களுக்குள்ளேயே மூண்டது. ஆனால் நான் அன்றைக்குத் தேடியது ஆண்டவரை இல்லை, மற்றவர்களுக்கு வந்ததுபோல ஒரு உணர்ச்சியை. உணர்ச்சி வரும், போகும். நீங்கள் அவரைத் தேடுகிறீர்களா, அவர் தரக்கூடிய ஒரு அனுபவத்தைத் தேடுகிறீர்களா என்று உங்களையே கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள். "எனக்கே தெரியவில்லை" என்பதுதான் பதில் என்றால் அதையே எழுதுங்கள்.

நேரமும் இடமும்

இருபது நிமிஷம் போதும். ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ணினால் நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

விடியற்காலைதான் நல்லது என்பது என் எண்ணம். பனை ஏறிய நம் தாத்தாமார் பதநீர்க் காலத்தில் இருட்டோடு எழுந்து போனவர்கள்; அவர்களில் பலருக்கு முதல் மரத்தின் அடியில்தான் ஜெபம். இயேசுவும் அதிகாலையில் இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மாரும் இதற்காக மனம் வருந்த வேண்டாம். பிள்ளை தூங்குகிற மத்தியானம் அரைமணி நேரம் கிடைத்தால் அதுதான் உங்கள் அதிகாலை.

இடத்துக்கு, மச்சி (மாடி) இருந்தால் மச்சி. ஒரே அறை வீடு என்றால் கிணற்றடி, விளைத் தோட்டம், செம்மணல் தேரிக்காட்டு ஓரம், எது கிடைத்தாலும் சரி. வார நாளில் மத்தியானம் கோயில் காலியாகத்தான் கிடக்கும். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியாரிடம் கேட்டால் திறந்து விடுவார். கத்தோலிக்கர்களுக்கு நற்கருணைச் சந்நிதியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. திருத்தல ஊர்களான மணப்பாட்டிலோ உவரியிலோ இருக்கிறவர்கள் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு சாதாரண நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

போனை அடுத்த அறையில் வையுங்கள். பைபிளை போனில் வாசிக்கிற பழக்கம் உள்ளவர்களும் இந்த இருபது நிமிஷத்துக்கு அச்சுப் புத்தகத்தை எடுங்கள். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

ஒரு சுவிசேஷம், மெதுவாக

மாற்குவில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரம்தான். நாளுக்கு அரை அதிகாரம் என்று போனால் ஒரு மாதத்தில் முடியும். வருஷத்துக்குள் வேதாகமம் முழுவதும் வாசிக்கும் அட்டவணை உங்களிடம் இருந்தால் அது தனியே நடக்கட்டும். அதையும் இதையும் கலக்க வேண்டாம்.

வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். இரண்டாவது முறை இன்னும் மெதுவாக. எந்த வார்த்தையில் மனசு தட்டி நிற்கிறதோ, அங்கேயே நின்றுவிடுங்கள். மீதி வசனங்கள் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

பத்தாம் அதிகாரத்துக்கு வரும்போது அவசரப்படாதீர்கள். எரிகோவுக்கு வெளியே வழியோரத்தில் பர்திமேயு உட்கார்ந்திருக்கிறான். கூட்டம் அவனை அதட்டுகிறது. இயேசு நிற்கிறார், அவனைக் கூப்பிடச் சொல்கிறார், பிறகு கேட்கிறார்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்?" கண் தெரியாதவனிடம் போய் இதைக் கேட்பானேன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. அவன் வாயால் அவனே சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நீங்களும் அந்தப் புழுதி வழியில் உட்காருங்கள். அவர் உங்கள் முன் நின்று இதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டு, பதில் சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்கிற பதில் வேண்டாம். வேலை வேண்டும் என்றால் வேலை என்று சொல்லுங்கள். பயம் போக வேண்டும் என்றால் எதைப் பற்றிய பயம் என்று சொல்லுங்கள்.

வீட்டுப் பேச்சில் ஜெபியுங்கள்

இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

நம்மில் பலர் ஜெபிக்கத் தொடங்கியதும் குரலே மாறிவிடும். "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறோம்" என்று தொடங்கி, உபதேசியார் ஜெபத்தில் கேட்ட வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவோம். சபை கூடி ஜெபிக்க அந்த மொழி அழகுதான். நாம் வாசிக்கிற வேதாகமத் தமிழ், 1871-இல் மிஷனெரி பவர் ஐயர் (குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்) தலைமையிலான குழு திருத்தி வெளியிட்டதிலிருந்து வருவது. ஒன்றரை நூற்றாண்டாக நம் அழுகையையும் அடக்கத்தையும் சுமந்த தமிழ் அது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் தனியறையில் அந்த மொழிக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்ள முடியும். நான் ஒளிந்துகொண்டேன். அரைமணி நேரம் தடங்கலே இல்லாமல் ஜெபிப்பேன். எழுந்திருக்கும்போது என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆச்சியிடம், அதாவது பாட்டியிடம், பேசுவதுபோல் பேசுங்கள். "ஆண்டவரே, நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போணும். பயமா இருக்கு. கூட வாரும்." இது ஜெபம். "ரெண்டு மாசமா கோயிலுக்குப் போகப் பிடிக்கல. ஏன்னு தெரியல." இதுவும் ஜெபம். "உம்மமேல எனக்கு வருத்தம்" என்பதும் ஜெபம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்டிருக்கிறார், நாம் கேட்கக் கூடாதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு "நீர்", "வாரும்", "சொல்லும்" எல்லாம் புத்தகத் தமிழ். நமக்கு அப்படி இல்லை. இன்றைக்கும் நம்மூர் டீக்கடையில் பெரியவர்கள் "எப்ப வந்தீரு? இரும், ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவும்" என்று பேசிக்கொள்கிறார்கள். மரியாதையும் உரிமையும் சேர்ந்த அந்த "நீரு"தான் நம் ஜெபத்திலும் இருக்கிறது. கடவுளை அழைக்க நம் சீமைக்காரனுக்கு வேறு சொல் தேட வேண்டியதே இல்லை.

இந்து வீட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு சங்கடம் சொல்வார்கள்: "எனக்கு இவங்க பேசுற மாதிரி பேச வராது." வர வேண்டாம். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, மனப்போராட்டத்தோடு நாளைக் கடத்தி, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆழ்வார் பாசுரத்தில் ஊறிய நெஞ்சை அவர் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அந்த உருக்கத்தோடேயே வந்து இயேசுவைப் பாடினார். உங்களுக்குத் தெரிந்த தமிழ் எதுவோ அதோடு வாருங்கள்.

பேசி முடித்த பிறகு

ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். முதல் வாரம் இது கஷ்டமாகத்தான் இருக்கும். கரண்ட் பில், பக்கத்து வீட்டுப் பேச்சு, அலுவலகச் சண்டை எல்லாம் வரிசையாக வரும். வந்ததை அவரிடமே சொல்லிவிட்டு மறுபடி அமருங்கள். எலியா தீர்க்கதரிசிக்குப் பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இல்லை. அதற்கப்புறம்தான் அமர்ந்த மெல்லிய சத்தம். ஒலிபெருக்கிக்குப் பழகிப்போன நம் காதுக்கு அது கேட்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

வழியில் கிடக்கிற கல்

இருபது நிமிஷம், மாற்கு, வீட்டுப் பேச்சு எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல் செய்தேன். ஜெபம் இனித்தது, உண்மைதான். ஆனால் ஒரு இடத்தில் எப்போதும் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன்.

அப்பா இறந்த பிறகு விளைக் கிணற்றில் முறைத் தண்ணீர் பற்றி எனக்கும் அண்ணனுக்கும் தகராறு. யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதுதான் விஷயம். அது வளர்ந்து பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே கோயில். அவன் தூணுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மாதம் ஒருமுறை அதே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தோம். பலிபீடத்தினிடத்தில் காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் நானே மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

அந்த வசனத்தில் ஒன்றைக் கவனியுங்கள். "அவன்பேரில் உனக்கு" என்று இல்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்கு" என்று இருக்கிறது. என் பக்கம் நியாயம் என்று நான் நிரூபித்தாலும் வசனம் நகராது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். மைனிதான் (அண்ணன் மனைவி) கதவைத் திறந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்கள். அண்ணன் முற்றத்தில் உட்கார்ந்து மோட்டார் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தை ஒன்றும் வரவில்லை. "அண்ணே, நான் பேசினது தப்பு" என்று மட்டும் சொன்னேன். அவன் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்டியா?" என்றான்.

மறுநாள் திருவிருந்து ஆராதனை. எதேச்சையாகத்தான், பலிபீடக் கம்பியில் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலிட நேர்ந்தது. ஐயர் அப்பத்தை எடுத்து, "உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரம்" என்றார்கள். எத்தனையோ நூறு தடவை கேட்ட வார்த்தை. அன்றைக்கு அந்த "உங்களுக்காக" என்பதில் அண்ணனும் நானும் இருந்தோம். அவர் இருக்கிறார் என்று தெரிந்தது. என்னை அவருக்குத் தெரியும் என்றும், அந்த நாலு வருஷமும் தெரியும் என்றும் தெரிந்தது. வெளிச்சமோ குரலோ ஒன்றும் இல்லை. கை நடுங்கியது, அவ்வளவுதான். அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும் என்று இத்தனை நாள் ஏங்கியவனை, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சந்தித்தார்.

உங்கள் வழியில் கிடக்கிற கல் வேறாக இருக்கலாம். திருப்பிக் கொடுக்காத கடன், சபைத் தேர்தலில் வந்த பகை, மறைத்து வைத்திருக்கிற ஒரு பழக்கம். எதுவென்று உங்களுக்குத் தெரியும். கல்லை எடுத்தால் மறுநாளே சந்திப்பு நடக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். எனக்கு அப்படி நடந்தது. எடுக்காமல் இருந்தவரை நான் முட்டிக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் நிச்சயம். இன்னொரு காரியம்: உங்களை அடித்தவர்களிடமோ கெடுத்தவர்களிடமோ தனியே போய்ச் சமாதானம் பேச வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படிப்பட்ட காயம் இருந்தால் நம்பகமான ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். உங்கள் பாதுகாப்பு முக்கியம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை

தாகம் உள்ளவனைச் சுற்றி விற்பனைக்காரர்கள் வருவார்கள். "இந்தக் காணிக்கை கொடு, தரிசனம் கிடைக்கும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். "கர்த்தர் உன்னைப் பற்றி எனக்குச் சொன்னார்" என்று உங்கள் கல்யாணத்தையோ நிலத்தையோ பணத்தையோ பற்றி ஒருவர் சொன்னால், அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். வேதத்தோடு ஒத்துப்பாருங்கள், சேகரகுருவிடமோ மூத்த விசுவாசி ஒருவரிடமோ கேளுங்கள்.

உபவாசம் நல்லது. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். மனநலத்துக்கு எடுக்கும் மாத்திரையை விசுவாசத்தைக் காட்டுவதற்காக நிறுத்துவது கூடவே கூடாது. தூக்கமே இல்லாமல், இடைவிடாமல் குரல்கள் கேட்டால் ஐயரிடமும் போங்கள், டாக்டரிடமும் போங்கள்.

ஒன்றும் நடக்காத மாதங்கள்

வரும். எனக்கு அந்த ஞாயிற்றுக்குப் பிறகும் வந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பார்த்தாயிற்று, இனி என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பாளையங்கோட்டையில் பிராமண விதவையான கிளாரிந்தா கட்டிய கோயில் இருக்கிறது, 1785-இல் கட்டியது. அந்த அம்மாள் ஞானஸ்நானம் கேட்டதும் ஜெர்மானிய மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கொடுத்துவிடவில்லை. ஒரு ஆங்கில அதிகாரியோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்தார் என்று முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்ட நாட்களில் கிளாரிந்தா தேடுவதை விட்டிருந்தால் நம் சபைச் சரித்திரத்தின் தொடக்கமே வேறாக இருந்திருக்கும். டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டதிலிருந்து 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார். ஏறக்குறைய இருபது வருஷம். வலி போகவில்லை, அந்த அறையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டைக்கோ டோனாவூருக்கோ ஒருநாள் போய்வாருங்கள். வறட்சியான மாதத்தில் நான் இப்படிப் போவதுண்டு.

அந்த மாதங்களில் புதிதாக ஒன்றும் செய்யாதீர்கள். இருபது நிமிஷத்தைப் பத்தாகக் குறைத்தாலும் பரவாயில்லை, நிறுத்த வேண்டாம். சொந்த வார்த்தை வராவிட்டால் நாற்பத்திரண்டாம் சங்கீதத்தை வாசித்துவிட்டு எழுந்திருங்கள். நீரோடைகளுக்காகக் கதறுகிற மானைப் பற்றியது அது. தாமிரபரணி வற்றிய கோடையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

சந்தித்த அன்றைக்கு

உடனே மேடையேறிச் சாட்சி சொல்லாதீர்கள். ஸ்டேட்டஸ் போடாதீர்கள். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், உங்களைச் சின்னதிலிருந்து தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஆறு மாதம் போன பிறகு சபையில் சொல்லலாம். அதற்குள் எது நிலைத்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தேதியை எழுதி வையுங்கள். நம் வீடுகளில் பைபிளின் முதல் வெள்ளைத் தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு என்று எழுதி வைப்பது வழக்கம்தானே. ஆச்சி இறந்த பிறகு அவர்கள் பைபிளைத் திறந்து பார்த்தோம். அத்தை பிறந்த தேதி, அப்பா பிறந்த தேதி, தாத்தா இறந்த தேதி. நடுவில் ஒரு தேதிக்கு நேராக மட்டும் யார் பெயரும் இல்லை. "பேசினார்" என்று ஒரே சொல். அப்பாவுக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. ஆச்சி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த நாள் அது. அந்தப் பைபிள் இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறது.